புதுப் பாட்டை எங்கே தேடுவது? ஆப், யூடியூப், வானொலி, நோம்பித் திடல்: ஓர் ஒப்பீடு

கோவையில் ஒலிப்பதிவு செய்வது, விளம்பரப் படங்களுக்கும் ஆவணப் படங்களுக்கும் இசை தேர்ந்து கொடுப்பது, மேடைகளுக்குக் குழுக்களை ஏற்பாடு செய்வது என்று மூன்று வேலையும் கலந்து பார்க்கிறவன் நான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகள் மைக் பற்றிக் கேட்பதைவிட அதிகமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஏனுங்ண்ணா, இந்தப் பாட்டெல்லாம் எங்கீங்க புடிக்கறீங்க?”

ஒரு வாரத்தில் கவனமாகக் கேட்கக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். நாள் முழுக்க மிக்ஸிங் பார்த்த காது சாயங்காலம் களைத்துப் போயிருக்கும். அந்தக் காதோடு புதுப் பாட்டை எடை போட உட்கார்ந்தால் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். ஆகவே, நல்ல காதோடு இருக்கிற அந்தச் சில மணி நேரத்தை எங்கே போடுவது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்ட்ரீமிங் ஆப்பிலா, யூடியூபிலா, வானொலியிலா, ஆட்களிடமா, நேரே நோம்பி, அதாவது ஊர்க் கோயில் திருவிழா, நடக்கும் திடலுக்கே போய்விடுவதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியாக வந்தாலும் பாட்டு ஏதோ ஒரு சல்லடையில் சலிக்கப்பட்டுத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. ரசிகருக்கு அது எந்தச் சல்லடை என்பது முக்கியம் இல்லை, பாட்டு நன்றாக இருந்தால் போதும். தொழிலில் இருப்பவர் அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஊரே கேட்பதை நாமும் கேட்டுக்கொண்டிருந்தால் நம்மைக் காசு கொடுத்துக் கூப்பிட யாருக்கும் அவசியம் இல்லை. அதனால் நல்ல நேரத்தை, மற்றவர்கள் இன்னும் சலித்துப் பார்க்காத இடத்தில் போடுங்கள். ஆப்பை அதற்கு அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங் ஆப்: தேடுவதைவிடச் சரிபார்க்க நல்லது

ஸ்பாட்டிஃபை 2015இல் தொடங்கிய ‘டிஸ்கவர் வீக்லி’ ஒவ்வொரு திங்கட்கிழமையும் 30 பாட்டு கொடுக்கிறது. வெள்ளிக்கிழமை புது வெளியீடுகளுக்கான ‘ரிலீஸ் ரேடார்’ வரும். நமக்கு அந்த ஆப் வந்தது 2019 பிப்ரவரியில். ஜியோசாவன், ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் என்று மற்றவையும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கின்றன. பரிந்துரை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அதன் எல்லையும் தெரிந்துவிடும். நீங்கள் கேட்கும் பாட்டுகளை வேறு யாரெல்லாம் கேட்கிறார்கள், அவர்களுடைய பிளேலிஸ்ட்டில் அவற்றோடு சேர்ந்து வேறு என்ன இருக்கிறது என்று பார்த்து, நீங்கள் இன்னும் கேட்காததை எடுத்து நீட்டுவதுதான் இதன் அடிப்படை. பாட்டின் ஒலியையும் ஆராய்கிறார்கள். ஆனாலும் கூட்டத்தின் கேட்கும் பழக்கம்தான் பெரும்பங்கு வகிக்கிறது.

இதனால் ஒரு பாட்டைச் சிலர் கூடக் கேட்டிராவிட்டால் அதைப் பரிந்துரைக்க இயந்திரத்திடம் ஆதாரமே இருக்காது. சூலூர்ப் பக்கம் ஒரு கும்மி வாத்தியார் தன் பாட்டை ஏதாவது ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஆப்புகளுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனம்) வழியாக ஆப்பில் ஏற்றினாலும், அது உங்கள் திங்கட்கிழமைப் பட்டியலுக்கு வந்து சேர வாய்ப்பு மிகக் குறைவு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியும் கிடையாது. இன்னொன்று, அதே நிறுவனம் 2020இல் ‘டிஸ்கவரி மோட்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: குறைந்த ராயல்டிக்கு உரிமையாளர் ஒப்புக்கொண்டால், ரேடியோ, ஆட்டோபிளே போன்ற இடங்களில் அவர் குறிப்பிடும் பாட்டுக்குக் கூடுதல் வாய்ப்பு. ஆகவே தானாக அடுத்து ஓடும் ஒவ்வொரு பாட்டும் உங்கள் ரசனைக்காக மட்டுமே வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் சொல்வதால் ஆப்பை ஒதுக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு கலைஞரை வேறு எங்கோ கண்டுபிடித்த பிறகு, அவர் வேறு என்ன பாடியிருக்கிறார், யார் வயலின் வாசித்தது, யார் மிக்ஸ் செய்தது என்று பின்தொடர இதைவிட நல்ல கருவி இல்லை. பாட்டில் வேலை செய்தவர்கள் பெயர் இருக்கும் கிரெடிட்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரு புல்லாங்குழல் பிடித்துப்போனால் அதை வாசித்தவர் பெயரைத் தேடி, அவர் வாசித்த வேறு பத்துப் பாட்டுக்குப் போங்கள். பாடகர் பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் கோடிப் பேர், வாசித்தவர் பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் சிலர்தான். அந்தச் சிலருக்குத்தான் அடுத்த ஒலிப்பதிவுக்கு யாரைக் கூப்பிடலாம் என்பது தெரியும்.

ஒரு சின்ன ஏற்பாடும் செய்துகொள்ளுங்கள். வேலைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு. காரில் குழந்தைக்குப் போட்ட பாட்டும் வாடிக்கையாளர் கேட்ட டப்பாங்குத்தும் ஒரே கணக்கில் கலந்தால் பரிந்துரை குழம்பிவிடும். இரண்டு கணக்கு முடியாவிட்டால் ‘பிரைவேட் செஷன்’ போட்டுவிட்டுக் கேட்கலாம்.

ரீல்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளம்பர வேலை எடுப்பவர்களுக்குச் சந்தையில் என்ன ஓடுகிறது என்று தெரிய அது வேண்டும். வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். பதினைந்து வினாடித் துணுக்கைக் கேட்டுவிட்டு ஒரு பாடலாசிரியரையோ இசைக்குழுவையோ முடிவு செய்யாதீர்கள்.

யூடியூப்: குவியலாக இருக்கிறது, ஆனால் இங்கேதான் இருக்கிறது

கொங்கு நாட்டு இசையைப் பொறுத்தவரை யூடியூபுக்கு ஈடு வேறு ஆப் இல்லை. காரணம் எளிது. ஸ்ட்ரீமிங் ஆப்பில் பாட்டு ஏற வேண்டுமானால் ஒருவர் அதைத் தனிப் பாட்டாக வெட்டி, பெயர் வைத்து, அட்டைப்படம் போட்டு, ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுக்க வேண்டும். யூடியூபுக்கு இது எதுவும் வேண்டாம். ஊரில் வள்ளி கும்மி (வள்ளி திருமணக் கதையைப் பாடி ஆடும் கும்மி) அரங்கேற்றம் என்றால் உள்ளூர் வீடியோக்காரர் ஒருவர் முழு நிகழ்ச்சியையும் மணிக்கணக்கில் அப்படியே ஏற்றிவிடுவார். ஒலி சுமாராக இருக்கும், நடுவில் வரவேற்புரை, பொன்னாடை, நன்கொடையாளர் பெயர் எல்லாம் வரும். ஆனாலும் அந்த மூன்று மணி நேரத்துக்குள் ஒரு வாத்தியாரின் குரல் இருக்கும், அந்தக் குரலுக்கு நூறு பெண்கள் கைதட்டிப் பின்பாட்டுச் சொல்வது இருக்கும். ஆப்பில் தேடினால் கிடைக்காத ஒன்று அது.

தேடும் விதம் முக்கியம். ‘கொங்கு ஃபோக்’ என்று ஆங்கில வழக்கில் அடித்தால் ஏற்கெனவே பல லட்சம் பேர் பார்த்ததுதான் முதலில் வரும். தமிழிலேயே, ஆட்டத்தின் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்: பெருஞ்சலங்கை ஆட்டம் காங்கேயம், துடும்பாட்டம் மேட்டுப்பாளையம், கம்பத்தாட்டம் உடுமலை, உடுக்கைப் பாட்டு தாராபுரம். வடிகட்டும் இடத்தில் நீளத்தை 20 நிமிடத்துக்கு மேல் என்று வையுங்கள். சமீபத்தில் ஏற்றியவற்றையும் தேடிப் பாருங்கள். பார்வை எண்ணிக்கை 200, 300 என்று இருக்கும் வீடியோக்களைத் தவிர்க்காதீர்கள். அவற்றைத்தான் நான் முதலில் திறப்பேன். கருத்துப் பகுதியில் ஊர்க்காரர்கள் வாத்தியார் பெயரைச் சொல்லியிருப்பார்கள், சில சமயம் அடுத்த அரங்கேற்றம் எந்த ஊரில் என்பதும் அங்கேயே கிடைக்கும்.

குறை என்னவென்றால் ஒலி. செல்போன் மைக் சத்தம் ஏறினால் தானாக அமுக்கும், இறங்கினால் தானாகத் தூக்கும். போதாததற்கு ஏற்றும்போது ஒரு சுருக்கம். அடி பலமாக விழும் ஒவ்வொரு முறையும் பாடுகிறவர் குரல் பின்னால் போய்த் திரும்பி வருவதை இந்த வீடியோக்களில் கேட்கலாம். அது வாசிப்பின் குறை இல்லை, பதிவின் குறை. இந்த வித்தியாசம் புரியாமல் நல்ல குழுக்களை ஒதுக்கிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யூடியூபில் ஒரு குழு உண்டு என்று தெரிந்துகொள்ளலாம். அது எப்படி ஒலிக்கிறது என்பதை அங்கே வைத்து முடிவு செய்யக்கூடாது.

வானொலி

யூடியூபுக்கு நேர் எதிரான சல்லடை அகில இந்திய வானொலியுடையது. அங்கே பாடுகிறவர் குரல் தேர்வில் தேறி, பி, பி ஹை, ஏ, டாப் என்று ஒரு தரம் பெற்றிருக்க வேண்டும். யாரோ காது கொடுத்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்த இசை அது. கிளிக் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோவை நிலையத்தின் 999 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையைப் பிடிக்க இன்று வீட்டில் ரேடியோ இல்லாவிட்டால் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் கேட்கலாம். கிராமியப் பாடல், கர்நாடக சங்கீதம் என்று உள்ளூர்க் கலைஞர்களின் நிகழ்ச்சிகள் வருகின்றன. தனியார் எஃப்.எம். நிலையங்கள் சினிமாப் பாட்டில்தான் நிற்கின்றன. காலையில் வண்டி ஓட்டும்போது கேட்க அவை நல்லவைதான். புதிதாகத் தேடுகிறவருக்கு அங்கே கிடைப்பது கம்மி.

வானொலியின் குறை, கேட்டது கையில் நிற்காது. பேரைச் சொல்லும்போது எழுதிக்கொள்ளாவிட்டால் போயிற்று. அதற்கு ஒரு நோட்டு வையுங்கள், செல்போன் குறிப்பும் போதும்.

ஆட்கள்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. யாரைக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் மைக் செட்காரர்கள். அன்னூர், அவிநாசி, பல்லடம், கோபி என்று எந்தப் பக்கம் போனாலும் குழாய் ஸ்பீக்கர் காலத்திலிருந்து தொழில் செய்கிற ஒரு பெரியவர் இருப்பார். கல்யாண வீட்டில் எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு, சாமி புறப்படும்போது எது, பந்திக்கு எது என்று அவர் மனதில் ஒரு வரிசை வைத்திருப்பார். கடையின் பின்னால் இசைத்தட்டும் கேசட்டும் மூட்டையாகக் கிடக்கும். உள்ளூர்க் கோயில்களுக்காகச் சின்னச் சின்னக் கம்பெனிகள் போட்ட பக்திக் கேசட்டுகள், கூத்து, கதைப்பாட்டுக் கேசட்டுகள் அந்த மூட்டைக்குள் இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு ஆப்பில் சுவடே இல்லை. கேசட் எடுத்தால் உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து, கையால் ஒருமுறை மெதுவாகச் சுற்றிவிட்டுப் போடுங்கள். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். இரண்டாவது ஓட்டம் கிடைக்குமா என்பது நாடாவின் கையில் இருக்கிறது.

அடுத்து பஸ். பொள்ளாச்சி, திருப்பூர் தடங்களில் ஓடும் தனியார் பஸ்களில் பாட்டுக்குத் தனி கவனிப்பு உண்டு. எண்பது, தொண்ணூறுகளின் பாட்டுகளில் எது இன்னும் நிற்கிறது, எதைப் போட்டால் பயணிகள் கூடவே முணுமுணுக்கிறார்கள் என்பது டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தெரியும். மேடைக் கச்சேரிக்குப் பாட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து இதைக் கவனித்தாலே பாதி வேலை முடியும். இங்கே, ஓடும் பாட்டைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் ஷசாம் ஆப் உதவும். ஏனென்றால் அது குறிப்பிட்ட ஒலிப்பதிவின் கைரேகையைத் தேடுகிறது. பென் டிரைவில் ஓடுவது வெளியான பதிவுதானே. திடலில் நேரடியாக வாசிப்பதைக் காட்டினால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஷசாம் கைவிரிக்கிற பாட்டு எதுவோ அதைத்தான் நான் குறித்துவைக்கிறேன்.

மூன்றாவதாகத் திருப்பூர். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் ஒடியா, போஜ்புரி, வங்காளி, அசாமியப் பாட்டுகள் செல்போன் கடையிலும் பானிபூரி வண்டியிலும் ஓடிக்கொண்டிருக்கும். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் தங்கள் இசையையும் கொண்டுவந்திருக்கிறார்கள். கோவையில் இருக்கிற இசைக்காரர்கள் பலர் மேற்கு ஆப்பிரிக்கத் தாளம் வரை ஆப்பில் தேடுகிறார்கள். ஒரு மணி நேரத் தூரத்தில், திருப்பூரில் ஓடும் ஒடிசாவின் சம்பல்புரித் தாளத்தைக் கேட்டதில்லை. கடைக்காரத் தம்பியிடம் “இது யார் பாடினது?” என்று கேட்டுப் பாருங்கள், அவர் தன் செல்போனையே உங்கள் கையில் கொடுத்துவிடுவார். இதையெல்லாம் எந்த ஆப்பும் எனக்குப் பரிந்துரைத்ததே இல்லை, ஏனென்றால் நானும் அவரும் ஒரே பாட்டைக் கேட்டதே இல்லை.

நோம்பித் திடல்

நேரம் அதிகம் தின்னும் வழி இதுதான். போக வர ஒரு மாலை போய்விடும். சில நாள் ஒன்றும் கிடைக்காது. இருந்தும் என் நல்ல நேரத்தில் பெரும்பங்கை நான் இங்கேதான் போடுகிறேன்.

எப்போது போவது என்று தெரிந்து போக வேண்டும். நோம்பி சாட்டியதும் எல்லோரும் கடைசி நாள் இன்னிசைக் கச்சேரியைக் கேட்கப் போவார்கள். நமக்கு அது வேண்டாம், அங்கே பாடப்போவது நமக்குத் தெரிந்த சினிமாப் பாட்டு. கோயில் முன்னால் கம்பம் (திருவிழாவுக்காக நடும் மரத்தூண்) நட்ட பிறகு வரும் இரவுகளில் போங்கள். கம்பத்தைச் சுற்றி ஆடும்போது தாளம் எப்படி நகர்கிறது என்று கவனியுங்கள். முதலில் நிதானமாக ஓர் அடி; பழக்கமில்லாத பையன்கள் உள்ளே வந்து சேரும்வரை அதே அடி திரும்பத் திரும்ப வரும். வட்டம் நிறைந்ததும் முன்னால் ஆடும் பெரியவரின் காலைப் பார்த்துக்கொண்டே மேளக்காரர் அடியை மாற்றுவார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கால் அரைக்கணம் முந்தி விழும், அதுதான் சைகை. அடுத்த சுற்றில் மொத்த வட்டமும் புது அடிக்கு வந்துவிடும். கிளிக் டிராக் (காதில் சீராக ஓடும் தாளச் சத்தம்) போட்டு வாசித்துப் பழகிய டிரம்மர் ஒருவரைக் கூட்டிப்போய் இதைக் காட்டுங்கள். அவர் வாசிப்பு மாறும்.

பூவோடு (தீச்சட்டி) எடுத்து வரும்போதும் தீர்த்தம் கொண்டுவரும்போதும் ஜமாப் செட்டு என்ற மேளக்குழு வரும். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களோடு தாராபுரம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் காவடிச் சிந்து காதுக்கு வரும். உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதை) பாடுகிறவர்கள் இப்போது குறைவு. பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் வந்து தங்கி அந்தக் கதையை டேப்பில் பதிவு செய்துபோனார். அன்று அவர் பதிவு செய்யாவிட்டால் அந்தப் பாடகரின் குரல் இன்று நமக்கு இல்லை. வள்ளி கும்மிக்கு நிலைமை வேறு, அது பெருகிக்கொண்டே போகிறது. கோவையைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்களும் தேட ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. அங்கே இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சம்மா ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 2022இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவர் தன் ஊரில் பாடிக்கொண்டுதான் இருந்தார். கோவை ஸ்டுடியோக்களிலிருந்து அங்கே போக ஒன்றரை மணி நேரம் ஆகுமா?

நம் கொங்குப் பகுதி பாட்டைக் கேட்க மட்டுமே பிறந்ததும் இல்லை. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜுபிடர் நிறுவனத்தின் படங்களுக்கு எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்த காலத்தில், அவரிடம்தான் இளம் எம். எஸ். விஸ்வநாதன் தொழில் பழகினார். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் 1935இலேயே வந்துவிட்டது. பாட்டு எடுக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பது அதற்குப் பின்னால் வந்த பழக்கம்.

திடலுக்குப் போனால் பதிவு செய்யும் முறையும் சொல்ல வேண்டும். கையடக்க ரெக்கார்டர் இருந்தால் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள், ஃபைல் வடிவம் சுருக்காத வேவ். செல்போன்தான் இருக்கிறது என்றால் வேவ் வடிவில் பதியும் செயலி ஒன்றைப் போட்டு, தானாகச் சத்தம் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்க முடியுமா என்று பாருங்கள். மேளத்துக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். பதினைந்து இருபது அடி தள்ளி, குழாய் ஸ்பீக்கர் முகம் பார்க்காத பக்கமாக நில்லுங்கள். பதிவை யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாகப் போனால் ஃபைல் அப்படியே போகும்.

கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆவது பிரிவு நிகழ்த்துகிறவருக்கும் உரிமை கொடுக்கிறது. அது 50 ஆண்டுக்கு இருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டுக்கு எழுதியவர் பெயர் தெரியாமல் இருக்கலாம், அன்றைக்குப் பாடியவர் கண்ணெதிரே நிற்கிறார். விளம்பரத்தில் ஐந்து வினாடி எடுத்தாலும் குழுவின் வாத்தியாரிடம் எழுத்தில் வாங்கி, பணம் கொடுத்து, பெயர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். திடலில் கிடைத்ததை இலவசமாகக் கிடைத்தது என்று நினைக்கிறவர்களோடு நான் வேலை செய்வதில்லை.

கண்டுபிடித்ததை எதில் கேட்பது?

தேடுவதும் கேட்பதும் வேறு வேறு வேலை. தேடும்போது புளூடூத் இயர்போன் போதும், நூறு பாட்டைத் தட்டிக்கொண்டு போக அதுவே வசதி. முடிவு எடுக்கும்போது மட்டும் மாற்ற வேண்டும்.

இதை நம் ஊர் இசையை வைத்தே புரிந்துகொள்ளலாம். பெரிய மேளமான துடும்பின் உயிர் அதன் கனத்த தாழ் ஒலியில் இருக்கிறது. செல்போன் ஸ்பீக்கரில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது. ஆகவே துடும்பாட்ட வீடியோவைப் போனில் போட்டால் குச்சி தோலில் படும் ‘டக்’ மட்டும் கேட்கும், அதற்குப் பின்னால் நெஞ்சில் வந்து மோதுவது கேட்காது. பெருஞ்சலங்கையின் சிக்கல் மேல் பக்கத்தில். காலில் கட்டிய நூற்றுக்கணக்கான மணிகள் ஒரே கணத்தில் ஒலிப்பதைச் சுருக்கிய வடிவங்கள் தாங்குவதில்லை. நொடிக்கு 128 கிலோபிட்டில் அது மணலைக் கொட்டுகிற மாதிரி ஆகிவிடும்; 320இல் பரவாயில்லை; சி.டி. தரமான 1,411இல் சுருக்கத்தால் எதுவும் போகாது. இதனால்தான் சுருக்காத பதிவை வாங்கிக் கேட்ட பிறகே எந்தக் குழுவைப் பற்றியும் பேசுகிறேன்.

ஸ்டுடியோவில் ஒலியைச் சரிபார்க்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரா, ஹெட்போனா? பணம் இருந்தால் மானிட்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அறையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நம் வீடுகளில் ஸ்டுடியோவாக மாறுவது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறை, கூரையும் பத்தடி. 10 அடி என்பது 3.05 மீட்டர், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது, அந்த நீளத்தில் தேங்கி நிற்கும் முதல் அலை சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே 56 குவியும். உட்காரும் இடத்தைப் பொறுத்து பேஸ் என்ற தாழ் ஒலி வீங்கியோ காணாமலோ போகும். காங்கிரீட் சுவர் வேறு. அந்த அறையில் விலை உயர்ந்த மானிட்டர் வாங்கி வைப்பதைவிட, நல்ல ஒயர் ஹெட்போன் ஒன்று வாங்குவதே மேல். சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவில் இருப்பவர்கள் காதை மூடும் வகை வாங்குங்கள். அமைதியான அறை என்றால் பின்பக்கம் திறந்த வகை. மணிக்கணக்கில் போட்டாலும் காது களைக்காது.

அப்புறம், சத்தம். இரண்டு பாட்டில் எது நல்லது என்று ஒப்பிடும்போது சத்தமாக இருப்பதுதான் நல்லதாகத் தெரியும். காதின் இயல்பு அது. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவு) என்ற அளவையும், ஆப்பிள் மைனஸ் 16ஐயும் வைத்துச் சமன் செய்கின்றன. ஒப்பிடும்போது அப்படிச் சமன் செய்யும் வசதியை ஆன் செய்து வையுங்கள். திடலில் பதிந்த வேவ் ஃபைலை வெளியான பாட்டோடு ஒப்பிடுவதானால் கையாலேயே சத்தத்தைச் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் வாத்தியார் பாட்டு ஒவ்வொரு முறையும் தோற்கும். காதும் நமக்கு ஒரு ஜோடிதான் இருக்கிறது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. திடலுக்குப் போகிற நாளில் காதில் பஞ்சை அடைக்காமல் நிஜமான இயர்பிளக் போடுங்கள். மேளக்கூட்டத்தின் நடுவில் சத்தம் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

யாருக்கு எது

ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் இசை தேர்கிறவர், அடுத்த வாரமே ஃபைல் கொடுக்க வேண்டியவர். அவருக்கு ஆப்பும் ரீல்ஸும் தினசரித் தேவை. அதோடு மாதம் ஒரு திடல் வைத்துக்கொண்டால் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருக்கும். மேடைக் குழு நடத்துகிறவருக்குப் பஸ்ஸும் மைக் செட்காரரும்தான் முதல். ஒலிப்பதிவாளர் கிரெடிட்ஸைப் பின்தொடரட்டும். மாதம் ஒரு முழு நாளைச் சுருக்காத பதிவுகளை மட்டும் கேட்க ஒதுக்கட்டும். சொந்தப் பாட்டு எழுதுகிற இளைஞர்களுக்கு என் பரிந்துரை கொஞ்சம் கடுமையானது: மூன்று மாதம் பரிந்துரைப் பட்டியலைத் திறக்கவே வேண்டாம். யூடியூபில் ஊர்ப் பெயர் போட்டுத் தேடுங்கள், அங்கே கேட்ட குழுவின் அடுத்த நிகழ்ச்சிக்கு நேரில் போங்கள். நீங்கள் எழுதும் பாட்டு யாருடைய பாட்டைப் போலவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றால், நீங்கள் கேட்பதும் எல்லோரும் கேட்பதாக இருக்கக்கூடாது.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசியில் நோம்பிகள் நெருக்கமாக வரும். அப்போது ஆப்புக்கு வாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஐப்பசி மழையில் திடல் இருக்காது. கேசட் மூட்டையைப் பிரிக்கவும், வானொலி கேட்கவும், அதுவரை பதிவு செய்ததை ஹெட்போனில் உட்கார்ந்து கேட்டுப் பெயர், ஊர், தேதி எழுதி வைக்கவும் அந்த மாதங்கள் சரியாக இருக்கும். ஃபைலின் பெயரிலேயே ஊரையும் வாத்தியார் பெயரையும் போட்டுவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு இயக்குநர் “மாட்டுப்பொங்கல் காட்சிக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று போன் செய்யும்போது, அந்த வாத்தியாருக்கு அன்றைக்கே ஒரு வேலை வாங்கிக் கொடுத்துவிடலாம்.